சாகா மருந்து தேடிய சக்கரவர்த்தி

"நீடூழி வாழ்க" என்று வாழ்த்துவது எம்மவர் வழக்கம். பழைய சீனத்திலும் இதனையொத்த வழக்கம் ஒன்று இருந்தது. பேரரசனை நோக்கி "பத்தாயிரம் ஆண்டு" என்று குரலெழுப்பி வணங்கினார்கள். வாழ்த்தியவரும் வாழ்த்துப் பெற்றவரும் அச்சொற்களை அப்படியே நம்பியிருப்பார்கள் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், சாகாமல் இருப்பது உண்மையிலேயே முடியக்கூடிய காரியம் என்று நம்பி, அதற்காக ஒரு பேரரசின் வளத்தையெல்லாம் செலவிட்ட மன்னன் ஒருவன் அந்நாட்டில் வாழ்ந்தான். சீனத்தை முதன்முதலில் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் என்பவனே அவன்.

முடிவில்லாத வாழ்வு வரமா, சாபமா என்ற கேள்வி மிகப் பழையது. எமது புராணங்களும் இதிகாசங்களும் இரு விடைகளையும் தருகின்றன. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறாக இருக்கும் பேறு வரமாகக் கிடைத்தது. உறங்கிக்கொண்டிருந்த பாண்டவரின் புதல்வர்களைக் கொன்ற அசுவத்தாமனுக்கோ, ஆறாத புண்களுடன் மூவாயிரம் ஆண்டுகள் அலையும் நெடுவாழ்வு சாபமாக விதிக்கப்பட்டது. இலங்கையை ஆண்டதாகச் சொல்லப்படும் வீடணனும் சிரஞ்சீவிகளில் ஒருவனே.

இக்கதைகள் பெரும்பாலும் சாகாதவனுடைய இன்பத்தையும் துன்பத்தையும் பற்றியே பேசுகின்றன. அவனைச் சுற்றி வாழ்ந்து மடியும் ஏனையோருக்கு அது வரமா, சாபமா என்ற கேள்வி அவற்றில் அதிகம் எழுவதில்லை. அக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் சின் ஷி ஹுவாங்கின் கதையைப் படிக்க வேண்டும்.

கி.மு. 259 இல் பிறந்த இவனுடைய இயற்பெயர் யிங் செங். பதின்மூன்று வயதில் சின் நாட்டின் அரியணை ஏறினான். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு நாடுகளை வென்று, கி.மு. 221 இல் தன்னை 'முதற் பேரரசன்' என அறிவித்தான். தனக்குப் பின் வருவோர் இரண்டாம் பேரரசன், மூன்றாம் பேரரசன் என்று பத்தாயிரம் தலைமுறை வரை எண்ணப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டான். எழுத்து, நாணயம், எடை, அளவு, வண்டிச் சக்கரங்களின் இடைத்தூரம் என அனைத்தையும் ஒரே சீராக்கினான். இவன் திறமையற்ற மன்னன் அல்லன் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் வென்றவனுக்கு வெல்ல முடியாத எதிரி ஒன்றே எஞ்சி நின்றது.

கி.மு. 219 இல் கிழக்குக் கடற்கரையோரம் பயணம் செய்தபோது ஷூ ஃபூ என்ற மந்திரவாதி அவனிடம் ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தான். கடலுக்கு நடுவே மூன்று மலைகள் உள்ளன, அங்கே சாவற்றவர்கள் வாழ்கிறார்கள், சிறுவர் சிறுமியரை அழைத்துச் சென்று அவர்களைத் தேட அனுமதி வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். மன்னன் இசைந்தான். ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் திரட்டப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். யாருடைய பிள்ளைகள் அவர்கள், பெற்றோர் என்ன பாடுபட்டனர் என்பதை வரலாறு எழுதவில்லை. ஷூ ஃபூ எங்கோ அகன்ற சமவெளி ஒன்றைக் கண்டு, அங்கேயே அரசனாகித் திரும்பாமல் இருந்துவிட்டான் என்று பழைய நூல் கூறுகின்றது. அவன் யப்பானை அடைந்தான் என்பது பிற்காலத்து ஐதிகம். யப்பானின் ஷிங்கு நகரில் அவன் பெயரால் இன்றும் ஒரு பூங்கா உண்டு.

இத்தேடல் அரண்மனையுடன் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று அண்மைக் காலத்திலேயே கிடைத்தது. 2002 ஆம் ஆண்டில், ஹூனான் மாகாணத்தின் லீயே என்ற இடத்தில், பாழடைந்த பழைய கிணறு ஒன்றிலிருந்து சின் அரசுக் கால மரச்சுவடிகள் முப்பத்தாறாயிரத்துக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டன. அவை உள்ளூர் நிர்வாகத்தின் அன்றாடக் கோப்புகள். அவற்றுள் சிலவற்றைப் படித்தறிந்த ஆய்வாளர்களின் முடிவுகள் 2017 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாகின. சாகா மருந்தைத் தேடுமாறு மன்னன் நாடெங்கும் அனுப்பிய ஆணையும், அதற்கு உள்ளூர் அதிகாரிகள் அனுப்பிய பதில்களும் அவற்றில் இருந்தன. துசியாங் என்ற ஊரிலிருந்து சென்ற பதில், அத்தகைய மருந்து இதுவரை கிடைக்கவில்லை என்றும் தேடல் தொடர்கிறது என்றும் பணிவுடன் தெரிவிக்கின்றது. லாங்யா என்ற இடத்தார் மட்டும் தமது மலையில் விளையும் ஒரு மூலிகை உதவக்கூடும் என்று எழுதினர். மேலிடத்திலிருந்து நடக்காத காரியத்துக்கு ஆணை வந்தால் கீழ்நிலை அதிகாரி எவ்வாறு பதில் எழுதுவார் என்பதை அறிந்தவர்களுக்கு, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இக்கடிதங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

சாகா மருந்து கிடைக்காமைக்கு மந்திரவாதிகள் நாளுக்கொரு காரணம் கற்பித்தனர். லூ ஷெங் என்பவன் கூறிய காரணம் மன்னனின் இருப்பிடத்தைப் பிறர் அறிந்திருப்பதே என்பதாகும். தலைநகரைச் சுற்றியிருந்த இருநூற்றெழுபது மாளிகைகளும் மறைவான வழிகளால் இணைக்கப்பட்டன. மன்னன் இருக்குமிடத்தை வெளியிடுவோருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. ஒருநாள் மலைமீதிருந்து பார்த்தபோது, முதலமைச்சரின் பரிவாரம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதாக மன்னன் அதிருப்தி கொண்டான். சில நாட்களில் அப்பரிவாரம் சுருங்கியது. தன் சொல் வெளியே கசிந்திருக்கிறது என்பதை உணர்ந்த மன்னன், அன்று உடனிருந்த பணியாளர் அனைவரையும் கொல்வித்தான்.

இறுதியில் லூ ஷெங்கே அஞ்சி ஓடிவிட்டான். ஏமாற்றப்பட்ட மன்னனின் சினம் தலைநகரிலிருந்த அறிஞர்கள் மீது பாய்ந்தது. கி.மு. 212 இல் நானூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் கொன்று புதைக்கப்பட்டனர். அதனைக் கண்டித்துப் பேசத் துணிந்தவன் ஒருவன் மட்டுமே. அவன் மன்னனின் மூத்த மகன் ஃபூசூ. பதிலாக, வட எல்லையில் தளபதி மெங் தியெனின் படையை மேற்பார்வை செய்யுமாறு அவன் அனுப்பப்பட்டான். மறு ஆண்டு விண்கல் ஒன்று வீழ்ந்தது. முதற் பேரரசன் இறப்பான், அவன் நாடு பிளவுபடும் என்று யாரோ அதன்மீது பொறித்து வைத்தனர். எழுதியவரைக் கண்டுபிடிக்க இயலாமையால், அக்கல்லைச் சுற்றி வாழ்ந்த அனைவரும் கொல்லப்பட்டனர். கல்லும் எரிக்கப்பட்டது.

கி.மு. 210 இல் மன்னன் மீண்டும் கடற்கரைக்குச் சென்றான். பெருமீன்கள் வழிமறிப்பதாலேயே தீவுகளை அடைய முடியவில்லை என்ற விளக்கம் அவனுக்குத் தரப்பட்டிருந்தது. வில்லேந்தி நின்று, தானே ஒரு பெருமீனைச் சுட்டுக் கொன்றான். திரும்பும் வழியில் நோயுற்று, ஷாசியூ என்ற இடத்தில் இறந்தான். வயது நாற்பத்தொன்பதே. பாதரசம் கலந்த மருந்தே அவனைக் கொன்றது என்று இக்காலத்தில் பரவலாகச் சொல்லப்படுகின்றது. பழைய வரலாற்று நூலோ அவன் நோயுற்றான் என்பதற்கு மேல் எதுவும் கூறவில்லை.

அந்நூல் கூறும் வேறொரு செய்தியே என் பார்வையில் முக்கியமானது. மரணம் என்ற சொல்லையே மன்னன் வெறுத்தான். ஆகையால், அவன் நோய் முற்றிய வேளையிலும் அடுத்து அரசாள்வது யார் என்று கேட்கும் துணிவு எந்த அமைச்சருக்கும் இருக்கவில்லை. முடிவு நெருங்கியபோதுதான், தலைநகருக்கு வந்து இறுதிச் சடங்கை நடத்துமாறு ஃபூசூவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. முத்திரையிடப்பட்ட அக்கடிதம் அனுப்பப்படவில்லை. அரண்மனை அதிகாரி சாவோ காவோவும் முதலமைச்சர் லீ ஸியும் அதனை மறைத்தனர். மன்னன் உயிரோடிருப்பது போலவே அவன் வண்டிக்கு உணவு சென்றது. கோடை வெயிலில் பிணம் நாறத் தொடங்கவே, அந்நாற்றத்தை மறைப்பதற்காக வண்டிகளில் கருவாடு ஏற்றப்பட்டது. என்றும் வாழ விரும்பியவனுடைய கடைசி ஊர்வலம் கருவாட்டு நாற்றத்தோடு தலைநகர் சென்றடைந்தது.

பொய்யாக எழுதப்பட்ட ஆணையொன்று ஃபூசூவைத் தற்கொலை செய்துகொள்ளப் பணித்தது. தந்தையின் ஆணை என நம்பி அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். இளைய மகன் ஹூஹாய் இரண்டாம் பேரரசன் ஆனான். நாடெங்கும் கிளர்ச்சி வெடித்தது. லீ ஸி கி.மு. 208 இல் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஹூஹாய் தற்கொலைக்குத் தள்ளப்பட்டான். பத்தாயிரம் தலைமுறைக்கென அமைக்கப்பட்ட பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் முடிவுற்றது.

சாகா மருந்தின் மீது கொண்ட பித்தே அறிஞர் கொலைக்குக் காரணமாயிற்று. அக்கொலையைக் கண்டித்ததால் தகுதியுள்ள வாரிசு தொலைவுக்கு அனுப்பப்பட்டான். மரணத்தைப் பற்றிப் பேச அஞ்சியதால் வாரிசுரிமை முறையாக அறிவிக்கப்படவில்லை. என்றும் இருப்பேன் என்ற எண்ணமே, அவனுக்குப் பின் எதுவும் நிலைக்காமற் செய்தது.

1974 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயிகள் அவனுடைய சுடுமண் படையைக் கண்டனர். ஏறத்தாழ எண்ணாயிரம் வீரர்கள் இருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதனைக் காணப் பயணிகள் உலகெங்கிலுமிருந்து செல்கின்றனர். கல்லறைக்குள் பாதரசம் ஆறுகளாக ஓடவிடப்பட்டதாகப் பழைய நூல் கூறுகின்றது. கல்லறை இன்னும் திறக்கப்படவில்லை எனினும், அதன் மேலுள்ள மண்ணில் பாதரசம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மகப்பேறற்ற அந்தப்புரப் பெண்கள் அவனோடு சாக வைக்கப்பட்டனர். உட்பொறிகளின் இரகசியம் அறிந்த கைவினைஞர்கள் உள்ளே வைத்து அடைக்கப்பட்டனர். இவ்விரண்டையும் செய்தவன் ஹூஹாய்.

இச்செய்திகளை எமக்குத் தந்தவர் சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர். ஏறத்தாழ நூறாண்டுகளின் பின் வாழ்ந்தவர். அவர் பணியாற்றிய ஹான் அரசவையின் பேரரசன் வூவும் சாகாமையைத் தேடியவனே. லுவான் தா என்ற மந்திரவாதியை நம்பி, பட்டங்கள் வழங்கித் தன் மகளையே மணமுடித்துக் கொடுத்தான். பின்னர் கி.மு. 112 இல் அவனைக் கொன்றான். கி.மு. 99 இல் பகைவரிடம் சரணடைந்த தளபதி லீ லிங்குக்காகப் பரிந்து பேசிய குற்றத்துக்காக சிமா சியானுக்கு ஆண்மை நீக்கத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய இழிவைவிடச் சாவதே மேல் என்று கருதப்பட்ட காலம் அது. தொடங்கிய நூலை முடிக்க வேண்டும் என்பதற்காகவே உயிர் வாழ்ந்ததாக அவர் நண்பருக்கு எழுதிய கடிதம் சொல்கின்றது. நீண்ட காலம் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற வகையில், இறந்துபோன ஒரு மன்னனின் கதையை எழுதும்போது அவர் உயிரோடிருக்கும் மன்னனையும் எண்ணியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால், பின்வந்தோர் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. தாங் வம்சப் பேரரசர்களுள் 820, 824, 846, 859 ஆகிய ஆண்டுகளில் இறந்த நால்வரும் இரசவாதிகளின் சாகா மருந்துகளை உட்கொண்டவர்களே. பாதரசமும் பாடாணமும் ஈயமும் அம்மருந்துகளின் முதற்பொருள்களாக இருந்தன. முதலாமவனான சியென்சொங் மருந்தின் விளைவாகக் கடுஞ்சினம் கொண்டவனாகி, ஏவலரைத் தண்டிக்கத் தொடங்கினான். அவனுடைய மரணம் அரண்மனை அலிகளின் செயல் என்றே கருதப்படுகின்றது. மிங் வம்சத்தின் சியாசிங் பேரரசன் செய்தது இதனிலும் கொடியது. இளம்பெண்களின் மாதவிடாய்க் குருதியைத் தன் மருந்துக்குச் சேர்க்கச் செய்தான். 1542 ஆம் ஆண்டில் ஓர் இரவு, அரண்மனைப் பெண்கள் பதினாறு பேர் கூடி, உறங்கிக்கொண்டிருந்த அவன் கழுத்தை நெரித்துக் கொல்ல முயன்றனர். முடிச்சுப் பிழைத்தது. அவர்கள் உடல் துண்டாடப்பட்டுக் கொல்லப்பட்டனர். மன்னன் மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1567 இல் இறந்தான்.

இத்தேடலின் மற்றொரு விளைவை உலகம் முழுவதும் அறியும். கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனையும் சேர்த்துச் சூடாக்கிய இரசவாதிகள் சிலரின் கைகளும் முகங்களும் கருகின, அவர்கள் இருந்த வீடும் எரிந்தது என்று தாவோயிச நூலொன்று எச்சரிக்கின்றது. அது ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1044 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட சீனப் போர்க்கலை நூலில் அக்கலவை ஆயுதமாகிவிட்டது. சீனர் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'தீ மருந்து' என்பதாகும். நாமும் அதனை வெடிமருந்து என்றே அழைக்கின்றோம். சாவை ஒழிக்கத் தேடிய மருந்து எத்தனை கோடி உயிர்களைக் குடித்தது என்பதை எம் தீவில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை.

அவ்வாறாயின் நெடுவாழ்வை விரும்புவதே தவறா? அல்ல. இலங்கையில் 1934, 1935 ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்றது. 1946 இல் ஆயிரம் பேருக்கு இருபது என்ற அளவில் இருந்த இறப்பு வீதம், மறு ஆண்டிலேயே பதினான்கு அளவுக்கு வீழ்ந்தது. நுளம்பை ஒழிக்க வீடு வீடாக மருந்து தெளித்தமையும், பரவலாகிய இலவச வைத்தியசாலைகளும், உணவு மானியமும் அதற்குக் காரணங்களாக எடுத்துக்காட்டப்படுகின்றன. அம்மருந்து ஒருவனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பெயர் அறியாத குடியானவனின் குழந்தையும் பிழைத்தது. வாழ்வு நீண்டது வரமாயிற்று என்றால், அது பகிரப்பட்டமையே அதற்குக் காரணம்.

இவ்வுண்மையைச் சங்கப் புலவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். புறநானூற்றின் 182 ஆம் பாடல் இவ்வுலகம் எதனால் நிலைத்திருக்கின்றது என்பதை ஆராய்கின்றது. இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் அதனைத் தனித்து உண்ணாதவர்கள் இருப்பதாலேயே உலகம் இருக்கின்றது என்பது அதன் கருத்து. அதனைப் பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அமிழ்தத்தைத் தனித்து உண்ணலாகாது என்றவர் இளமையிலேயே கடலில் மறைந்தார் என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. நீண்ட வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானும் அதே மரபினன்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2025 செப்டெம்பர் 3 ஆம் திகதி, பீஜிங்கில் நடைபெற்ற இராணுவ அணிவகுப்புக்கு நடந்து செல்கையில், சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் ரஷ்ய ஜனாதிபதி புட்டினும் உரையாடியது ஒலிவாங்கியில் பதிவாகியது. உறுப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றி இளமையோடு வாழ்வது பற்றியும், சாகாமை பற்றியும் புட்டினின் மொழிபெயர்ப்பாளர் பேசியது கேட்டது. இந்நூற்றாண்டிலேயே மனிதர் 150 ஆண்டுகள் வாழக்கூடும் எனச் சிலர் கணிப்பதாகச் ஷி பதிலளித்தார். அவ்வேளை இருவருக்கும் வயது எழுபத்திரண்டு. சீனம் 2018 ஆம் ஆண்டில் ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கியிருந்தது. ரஷ்யாவின் 2020 ஆம் ஆண்டுத் திருத்தம் புட்டின் 2036 வரை பதவியில் நீடிக்க வழி செய்திருந்தது.

எமக்கும் இது புதிதன்று. 2010 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 18 ஆவது திருத்தம், ஒருவர் இரு தடவைகளுக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடையை நீக்கியது. 2015 ஜனவரியில் மூன்றாம் முறை போட்டியிட்ட மஹிந்த ராஜபக்ஷவை மக்கள் தோற்கடித்தனர். அதே ஆண்டின் 19 ஆவது திருத்தம் அத்தடையை மீண்டும் கொண்டுவந்தது. பதவிக்கால வரம்பு என்பது அதிகாரத்துக்குச் சட்டம் குறித்துவைக்கும் மரண நாள் என்றே நான் கருதுகிறேன். சின் பேரரசில் மக்கள் மன்னனின் மரணத்துக்காகக் காத்திருந்தனர். கல்லில் எழுதியவனும் அதையே எழுதினான். அவனுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. மரணத்தைத் தவிர வேறு விடுதலை வழியும் தெரிந்திருக்கவில்லை.

அண்மைக்கால விஞ்ஞானம் மனித வாழ்நாளை இன்னும் நீட்டக்கூடும். அதனை அஞ்ச வேண்டியதில்லை. அம்மருந்து முதலில் யார் கையில் போய்ச் சேரும், அதற்கான விலையை யாருடைய பிள்ளைகள் கொடுப்பார்கள் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். தனக்கு மட்டும் முடிவில்லாத வாழ்வைத் தேடியவன் அதனை வரமென்றே எண்ணினான். கப்பலேறிய பிள்ளைகளுக்கும், புதைக்கப்பட்ட நானூற்றறுபது பேருக்கும், கல் விழுந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கும் அது சாபமாகவே அமைந்தது.